கடல் காற்றுப் படாத கார்

குற்றச்சாட்டு வருமாறு. 2026ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தேகால் மணியளவில், சாய்ந்தமருதிலுள்ள ஒரு குஷன் கடையின் முன்பாக, ஸுஹைறா என்னும் பெண்மணி, உரிமையாளராகிய என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், எனது காரின் முன்கதவைத் திறந்து, ஓட்டுநரின் ஆசனப்பட்டியை அது வரக்கூடிய கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்தார். இழுத்ததுடன் நில்லாமல், வெளிச்சமே காணாத அதன் அடிப்பகுதியை மூக்கருகே பிடித்து முகர்ந்தார். முகர்ந்ததுடனும் நில்லாமல், அதை இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்து, அந்த விரல்களை என் மூக்குக் கண்ணாடிக்கு நேரே நீட்டினார்.

“ஐயா, இது வெள்ளத்துல முங்கின கார்.”

விரல்களில் மாவைப் போன்ற பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. நான் அங்கே போனது ஆசனங்களுக்கு உறை தைப்பதற்கு. கார் வாங்கிப் பதினேழு நாள்கள்தான் ஆகியிருந்தன.

இது எனக்கு மட்டும் இழைக்கப்பட்ட அநீதி அல்ல என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். அந்தக் கடை வாசலில் எந்த வாகனம் வந்து நின்றாலும், வந்தவரின் பெயரைக் கேட்பதற்கு முன் அவர் ஆசனப்பட்டியை இழுத்துவிடுவார். பள்ளிவாசல் நிருவாகியின் வான் வண்டியிலும் இழுத்திருக்கிறார். புதுமாப்பிள்ளையின் காரில், சோடித்த பூ வாடுவதற்குள்ளும் இழுத்திருக்கிறார். காரணம் கேட்டால் கையிலுள்ள வேலையை நிறுத்தாமலே சொல்வார்: “கழுவுறவன் சீட்டக் கழுவுவான், காப்பெட்டக் கழுவுவான், சென்டும் அடிப்பான். பெல்ட்ட முழுக்க இழுத்துக் கழுவ எவனுக்கு ஐயா பொறுமை? அது சுருண்டு உள்ளுக்குப் போய்க் குந்திக்கிட்டு நடந்ததெல்லாம் வச்சிக்கிட்டு இரிக்கும்.”

ஸுஹைறாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டது சாய்ந்தமருதில். கணவர் ஜெஸீம் வாகனங்களிலிருந்து ஆசனங்களைக் கழற்றுவார், பூட்டுவார். வெட்டுவதும் தைப்பதும் மனைவி. முக்காட்டின் ஓரத்தில் எப்போதும் மூன்று ஊசிகள் குத்தியிருக்கும். நூலைப் பல்லிடுக்கில் வைத்தபடியே பேசுவார். கேட்பவர் பழகும்வரை அரைவாசி விளங்காது. கணவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மகளின் பெயரால், “சிபானாட வாப்பா” என்றுதான் கூப்பிடுவார். ஒரே பேச்சுக்குள் அந்த அழைப்பு கெஞ்சலாகவும் அதட்டலாகவும் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன்.

கார்களைப் பற்றி இவ்வளவு அறிந்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது இருக்கட்டும், கதவைச் சாத்தி அமர்ந்தாலே வயிற்றைப் புரட்டும். கார் ஒன்றில் போகவேண்டி வந்தால் கையில் ஒரு தேசிக்காயை வைத்து, நகத்தால் கீறிக் கீறி மணந்துகொண்டே போவார். பக்கத்து வளவுச் சல்மா உம்மா கடைக்கு வந்து அமர்ந்தால் முதலில் கையில் எடுப்பது இந்த விடயத்தைத்தான்.

“ஏண்டி ஸுஹைறா, ஏறினா ஓங்காளிக்கிறவள் நீ. நீ என்னத்துக்குகா ஊரார்ட காருக்கெல்லாம் கலியாணம் பேசுற?”

“கலியாணத் தரகர்மார் எத்தன பேரு சொந்தமாக் குடும்பம் நடத்துறாங்க, மாமி?”

சல்மா உம்மா சிரித்து முடிப்பதற்குள் தையல் இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும்.

இனி என் பக்கத்து விடயம். நான் பாண்டிருப்பைச் சேர்ந்தவன், பெயர் தங்கரத்தினம். கல்முனை நீதிமன்றத்துக்கு அருகில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக ஊராரின் காணி உறுதிகளும் மனுக்களும் என் இயந்திரத்தின் மூடிக்குக் கீழே போய் வருகின்றன. நான் கற்ற சட்டமெல்லாம் அந்த வெளிச்சத்தில் கற்றதுதான். என் மனைவி அன்னப்பிள்ளைக்கு மாதம் இருமுறை மட்டக்களப்பு வைத்தியசாலையில் சிகிச்சை. மருந்து ஏற்றிய பின் திரும்பும் பஸ்ஸில் அவரால் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. அதற்காகத்தான் இருந்த வயலில் பாதியை விற்று, இணையத்தில் விளம்பரம் பார்த்து ஓர் ஆல்ட்டோ வாங்கினோம்.

விளம்பரத்தின் வாசகம் இன்றும் என் கோப்பில் முதற்பக்கமாக உள்ளது. “கம்பளை. மலைநாட்டில் மட்டுமே ஓடியது. கடல் காற்றுப் படாத கார்.” எங்கள் கரையில் வாழாதவருக்கு இந்தக் கடைசி வரியின் வசியம் விளங்காது. இங்கே ஜன்னல் கம்பி துருவேறும், கூரைத் தகரம் துருவேறும், சைக்கிள் மணி ஆறு மாதத்தில் ஊமையாகும். வாகனம் என்றால் அடியிலிருந்து அரித்துக்கொண்டே வரும். ஆகவே எங்களில் ஒருவன் பழைய கார் பார்க்கப் போனால் உப்பைத்தான் தேடுவான். நானும் தேடினேன். கம்பளைக்குக் காந்தத்துண்டும் டோர்ச்சும் கொண்டு போனேன். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். தட்டிப் பார்த்தேன், சுரண்டிப் பார்த்தேன். ஒரு பொட்டு உப்புத்துரு இல்லை. பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று எல்லாம் சரி. கடலுக்கு அஞ்சிப் போனவனுக்கு ஆறு நினைவுக்கு வரவில்லை. முந்திய மழையில் கம்பளையில் மகாவலி ஆறு எந்த வீட்டு வாசல்வரை ஏறியது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று நண்பகலே ஜெஸீம் ஓட்டுநர் ஆசனத்தைக் கழற்றினார். தரைவிரிப்பை ஸுஹைறா தூக்கிப் பிடித்தார். கீழே காய்ந்து வெடித்த சேறு, அதில் பதிந்த நிலையில் சுண்டுவிரல் நகமளவு நத்தை ஓடு ஒன்று.

“கடல் சோகியெண்டா எனக்குத் தெரியாமப் போகுமா ஐயா? இது ஆத்து நத்த.”

மனிதனின் கோபம் முறையான முகவரிக்குப் போவதில்லை. கம்பளைக்காரன் மீது வரவேண்டிய கோபம் எனக்கு அந்தப் பெண்மீது வந்தது. “தங்கச்சி, தையல் வேலைக்கு வந்த மனிசன இப்பிடிப் பயங்காட்டாதீங்க. கார் நல்லாத்தான் ஓடுது,” என்றேன்.

அவர் நத்தையோட்டைக் கடதாசியில் சுற்றி என் சட்டைப்பையில் வைத்தார். “ஓடும் ஐயா. ஈரம் உள்ளுக்குள்ள வயரத் திண்டு முடியுமட்டும் ஓடும். ஒரு மாசத்துக்குள்ள மொதல்ல ஹோர்ன் அடிக்கும். நீங்க அமத்தாமலே அடிக்கும். அண்டைக்கு வாங்க.” உறைக்கு அளவெடுக்க மறுத்துவிட்டார். தேநீர் தந்தார். கூலி வாங்கவில்லை.

மார்ச் மாதம் 4ஆம் திகதி, சிகிச்சை முடிந்து வரும் வழியில், களுவாஞ்சிகுடிக்குள் நுழையும்போதே ஹோர்ன் தானாகவே ஒலிக்கத் தொடங்கியது. நிற்கவில்லை. கடைக்காரரெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். பின்னாசனத்தில் சரிந்து படுத்திருந்த அன்னப்பிள்ளை கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நிப்பாட்டுங்க அத. சனம் நான் பொண்ணழைப்புக்குப் போறன் எண்டு நினைக்கப் போகுது.” சற்றுத் தூரத்தில் இயந்திரமும் நின்றது. அன்று மனைவியை வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒரு மீன் லொறி.

கம்பளை முகவரிக்கு நான் அனுப்பிய மூன்று பதிவுத் தபால்களும் திரும்பி வந்தன; உறை பிரிக்கப்படாமல் கோப்பில் உள்ளன. ஆல்ட்டோவை உதிரிப்பாகங்களுக்காக ஒரு கராஜ்காரருக்கு விற்றேன், அது வெள்ளத்தில் மூழ்கியது என்று எழுதி, அவரிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டு. பிறகு மன்னிப்புக் கேட்கச் சாய்ந்தமருதுக்குப் போனேன். ஸுஹைறா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“வாங்க ஐயா, இரிங்க. ஹோர்ன் அடிச்சிச்சா?”

“அடிச்சுது, தங்கச்சி.”

“எவ்வளவு நேரம்?”

“களுவாஞ்சிகுடி முழுக்க.”

“சிபானாட வாப்பா, கேட்டீங்களா? நான் ஒரு மாசம் எண்டன். கணக்குச் சரி.” பின்னர், சிரிப்பை நிறுத்தி, “வீட்ட அவங்க எப்பிடி?” என்று கேட்டார். என் இழப்பைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்றுமுதல் எந்த விளம்பரத்தைக் கண்டாலும் அதன் இணைப்பை அவருக்கு அனுப்பும் கூட்டத்தில் நானும் ஒருவன் ஆனேன். காரைதீவிலிருந்து கோமாரிவரை அந்தக் கூட்டம் உண்டு. மதியத் தொழுகை முடிந்து, சோறு தின்று, பாயில் சாய்ந்துகொண்டு அவர் விளம்பரங்களைப் பார்ப்பார். வாசகத்தை முதலில் வாசிப்பதில்லை. “என்னத்தப் படம் புடிச்சிரிக்கான் எண்டு பாக்காதீங்க ஐயா. என்னத்தப் புடிக்கல்ல எண்டு பாருங்க,” என்பார். பன்னிரண்டு படங்களில் ஓட்டுநர் ஆசனத்தின் வலப்பக்க விளிம்பு இல்லையென்றால் அந்தக் கார் அவரளவில் முடிந்தது. ஏறி இறங்குபவரின் தொடை உராயும் இடம் அது. மீற்றர் நாற்பதாயிரம் என்று காட்டி, விளிம்பு நைந்திருந்தால், பிரேக் மிதியின் இறப்பரையும் பெரிதாக்கிப் பார்ப்பார். “மீற்றரத் திருப்பலாம். தேஞ்ச றப்பரத் திருப்ப ஏலா.”

வாசகத்துக்கு வரும்போது அவருக்கு உற்சாகம் பிறக்கும். ‘லேடி டொக்டர் பாவித்த கார்’ என்று இருந்தால் வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். “இந்த நாட்டுல லேடி டொக்டர்மார விட அவங்கட கார் கூட. ஒவ்வொருத்தரும் நாளுக்கொரு காருல போனாலும் முடியாது.” ‘ஹாஜியார் பாவித்தது’ என்றால் குரல் சற்றுத் தாழும்: “ஹஜ்ஜுக்குப் போனது ஹாஜியார். கார் போகல்ல.” ‘அவசர விற்பனை, வெளிநாடு செல்வதால்’ என்பதைக் கண்டால், ஐந்து மாதத்துக்கு முன் அதே கார் அதே அவசரத்தில் இருந்ததைத் தன் கைத்தொலைபேசியில் தேடி எடுப்பார். அவருக்கு ஞாபகம் இருப்பது இலக்கத்தகடு அல்ல; ஆசனத் துணியின் கோடு.

என்னிடமிருந்தும் அவர் சிலவற்றை எடுத்துக்கொண்டார் என்று எழுதுவதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. பதிவுப் புத்தகத்தில் ‘பூரண உரிமையாளர்’ என்ற இடத்தில் குத்தகைக் கம்பனியின் பெயர் இருந்தால் அந்தக் கார் விற்பவனுடையதே அல்ல என்பதை அவர் என்னிடம்தான் அறிந்தார். கைமாற்றுப் படிவத்தில் வெறும் கையொப்பத்தை மட்டும் இட்டு, பெயரை எழுதாமல் கைக்குக் கை விற்கும் ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் அப்படித்தான். “வாப்பாட பேரு போடாத புள்ள மாதிரி,” என்றார் கேட்டவுடன். நான் நான்கு பந்தியில் எழுதியிருந்ததை அந்த ஒரு வரி வென்றுவிட்டது.

இதையெழுதும் நாளில் எங்கள் வாசலில் ஒரு கார் நிற்கிறது. கழுவாஞ்சேனை ஆசிரியர் ஒருவரிடம் வாங்கியது. ஸுஹைறா தேசிக்காயும் கையுமாக வந்து, பட்டியை இழுத்து, விரிப்பைத் தூக்கி, குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கச் சொல்லிக் கேட்டு, “ஓம் ஐயா, இது தண்ணி காணாத புள்ள, எடுங்க,” என்றார். அன்னப்பிள்ளை இப்போது மட்டக்களப்பிலிருந்து தூங்கிக்கொண்டே வருகிறார். ஆனால் இது நாங்கள் வாங்க எண்ணிய மூன்றாவது கார். முதலாவதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஸுஹைறாவைப் பற்றிச் சொன்னதாகாது.

ஏப்ரல் 20ஆம் திகதி, திங்கட்கிழமை. முகநூல் விற்பனைப் பக்கமொன்றில் வெள்ளை வெகன் ஆர் கார் ஒன்று. குருநாகல். முதல் உரிமையாளர். தொழிற்சாலையிலிருந்து வந்த அதே கம்பனி ஆசனங்கள். கிழக்குப் பக்கம் வந்ததேயில்லை. நான் கேட்ட பத்திரங்களெல்லாம் படமாக வந்து சேர்ந்தன. பூரண உரிமையாளர் என்ற இடமும் சுத்தம். விற்பவர் மரியாதையாகப் பேசினார். பொலன்னறுவையிலிருந்து ஒருவர் மாலையில் பார்க்க வருவதாகவும், நாலு மணிக்குள் இரண்டு இலட்சம் முற்பணம் அனுப்பினால் எனக்கே நிறுத்தி வைப்பதாகவும் சொன்னார். மீதி வயலையும் விற்றாகிவிட்டது. அதற்குப் பின் விற்க எங்களிடம் எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சிகிச்சை. படங்களை ஸுஹைறாவுக்கு அனுப்பினேன். வங்கிச் செயலியில் தொகையை இட்டு, பெயரையும் இட்டு, அவருடைய ‘ஓம்’ வரும்வரை கடையில் காத்திருந்தேன்.

வழமையாகப் பத்து நிமிடத்தில் குரல் வந்துவிடும். அன்று ஒரு மணித்தியாலம் ஆயிற்று. வந்தது குரலல்ல, ஜெஸீமின் மோட்டார் சைக்கிளில் ஸுஹைறாவே வந்து இறங்கினார்.

“காசு அனுப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்.” கதிரையைக் காட்டினேன், அமரவில்லை. “ஐயா, அந்தப் பின் சீட்டுப் படத்தப் பெரிசா அடிச்சித் தாங்க. உங்களுக்கிட்ட இரிக்கிற ஆகப் பெரிய பேப்பருல.”

அடித்துக் கொடுத்தேன். அதை மேசையில் விரித்து, பின்னாசனத்தின் கீழ்மூலையில் விரலை வைத்தார். தையல் அங்கே நேராக வந்து மடங்காமல், சிறு முக்கோணமாகப் பிரிந்து சேர்ந்திருந்தது.

“இது என்ட துண்டு.”

விளங்கவில்லை என்றேன். அவர் தன் கையை உயர்த்தி, கக்கத்தின் கீழே தொட்டுக் காட்டினார். “பொம்புளையள்ட சட்டைக்கு இதுல ஒரு மூணு முக்குத் துண்டு வச்சித் தைக்கிற. இல்லாட்டி கைய ஒசத்தினாக் கிழியும். நான் சட்ட தச்சிப் படிச்சவள். சீட்டு மூலைக்கும் அப்பிடித்தான் துண்டு வைப்பன். கம்பனி வைக்காது. கண்டியில தைக்கிறவனும் வைக்க மாட்டான். இந்த நாட்டுல ஆரும் வைக்கிறதில்ல, ஐயா. எனக்கு அத வைக்காமத் தைக்கத் தெரியா.”

இந்தக் கார் அவர் கடைக்கு வந்த நாள் ஜனவரி 6. கொண்டு வந்தவர் கல்முனையில் வாகனத் தரகு செய்யும் றிஸ்மி. ஜெஸீம் ஆசனத்தைக் கழற்றியபோது பஞ்சுக்குள்ளிருந்து தண்ணீர் இன்னும் சொட்டியது. றிஸ்மி ஒன்றும் ஒளிக்கவில்லை. “ராத்தா, கேள்வியில்லாமத் தச்சித் தாங்க,” என்றானாம். அவர் தைத்துக் கொடுத்தார்.

“சேத்த வழிச்சிப் போட்டு, புதுப் பஞ்சு வச்சி, நானேதான் மூடித் தச்சன். அண்டைக்கு வாய மூடிட்டன். மறுகா ராவையில தொழுதிட்டு எழும்பினா கையில அந்த மணம். நாலு நாளாப் போகல்ல. அதுக்குப் பொறகுதான் வாற எல்லாக் கார்ட பெல்ட்டையும் இழுக்கிற பழக்கம் எனக்கு வந்திச்சி. நீங்க என்னவோ நான் பெரிய கெட்டிக்காரி எண்டு நினைச்சிட்டீங்க.”

நான் வங்கிச் செயலியை மூடினேன். இரண்டு இலட்சம் அங்கேயே இருந்தது, வயலின் மீதிப் பாதி அங்கேயே இருந்தது. அதற்கு முன் எப்போது அப்படி ஒரு மூச்சு விட்டேன் என்று நினைவில்லை.

ஆனால் ஸுஹைறா அத்துடன் விடவில்லை. என் தொலைபேசியை வாங்கி, விற்பவரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். “தம்பி, சீட்டு கம்பனிச் சீட்டா?”

“ஓம், நூறு வீதம் கம்பனி.”

“பின் சீட்டு மூலையில மூணு முக்குத் துண்டு ஒண்டு இரிக்கே. அதுவும் கம்பனியா?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஐந்து நிமிடம் கழியவில்லை. ஸுஹைறாவின் சொந்தத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவன் றிஸ்மி. யாரும் கேட்காமலே குருநாகலும் கல்முனையும் ஒன்றாகிவிட்டன.

“ராத்தா, என்ன கத கதைக்கிறீங்க அங்க? இந்த மாசம் ஒங்கட கடைக்கு ஒம்பது கார் அனுப்பினவன் நான்.”

“ஓம் றிஸ்மி. ஒம்பதுதான்.”

“பொறகென்ன? தைக்கிறவளுக்கு ஊசி போதும். வாய் என்னத்துக்கு?”

“சோறு திங்கவும் வேணுமே, மனே.”

“அந்தச் சோறு எங்கால வருது எண்டு யோசிச்சிக் கதைங்க.” அவன் வைத்துவிட்டான்.

ஜெஸீம் இவ்வளவு நேரமும் வாசல் நிலையில் சாய்ந்து, மோட்டார் சைக்கிள் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். இப்போது சுழற்றவில்லை. “அவன்ட வேல இல்லாட்டி அரைவாசிக் கட இல்லகா,” என்றார், கோபமில்லாமல். “ஐயாட காசு தப்பிச்சி. அது போதாதா? நாம வீட்ட போவம்.”

“ஐயாட காசு தப்பிச்சி. பொலன்னறுவைக்காரன்ட?”

“பொலன்னறுவைக்காரன் எண்டு ஒருத்தன் இரிக்கானோ என்னவோ. அதுவும் அவன் சொன்ன பொய்தானே.”

“ஆரோ ஒருத்தன் இரிப்பான், சிபானாட வாப்பா. நோயாளியோ, புள்ளத்தாச்சியோ வச்சிரிக்கிற ஆரோ ஒருத்தன்.”

ஜெஸீம் என்னைப் பார்த்தார். என் பணம் பிழைத்த மகிழ்ச்சியில் இருந்தவன் நான். அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுக்கப்போவது அவர்களுடைய கடை. அதைச் சொன்னேன். அந்தப் பொறுப்பை என் பெயரில் எடுத்துக்கொள்கிறேன் என்றும், நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்படி முறைப்பாடு ஒன்றை நானே எழுதுகிறேன் என்றும், அவருடைய பெயர் அதில் வரத் தேவையில்லை என்றும் சொன்னேன்.

“நீங்க எழுதுங்க ஐயா. அது உங்கட வேல. ஆனா என்ட பேரு வராம அது எப்பிடி? துண்டு வச்சது நானெல்லோ? நான் அந்த விளம்பரத்துக்குக் கீழயே எழுதுறன்.”

ஜெஸீம் நிலையை விட்டு நிமிர்ந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, நான் முதலில் காட்டிய கதிரையை இழுத்து மனைவிக்குப் பின்னால் வைத்தார். “இரிந்து எழுதுகா. நிண்டுக்கு எழுதினா எழுத்துப் பிழையாப் போகும்.”

ஸுஹைறா அமர்ந்தார். தன் தொலைபேசியில் அந்த விளம்பரத்தைத் திறந்தார். அதன் கீழே அதுவரை பதினொரு பேர் ‘கடைசி விலை என்ன’ என்று கேட்டிருந்தார்கள். வாசகத்தை நான் அமைத்துத் தரட்டுமா என்றேன்.

“வேணாம் ஐயா. உங்கட தமிழக் கண்டா ஆரோ லோயர் எண்டு நினைச்சிப் பயந்திருவான். என்ட வாயால கேட்டாத்தான் அவனுக்கு வெளங்கும்.”

ஊசி பிடிக்கும் அதே இரு விரல்களால், ஓர் எழுத்தைத் தேடி, கண்டு, அழுத்தி, அடுத்ததைத் தேடி எழுதினார். கால்மணி நேரம் எடுத்தது. இடையில் பிரதியெடுக்க வந்த இருவரை ஜெஸீம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார். எழுதி முடித்ததும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. அனுப்பிய பிறகுதான் தொலைபேசியை மேசையில், நான் அடித்துக் கொடுத்த அந்தப் பெரிய படத்தின்மேல், எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். பின்வருவது அதன் சரியான பிரதி:

“இந்த காருக்கு சீட் தச்சது நான். ஸுஹைறா, ஜெஸீம் குஷன் கடை, சாய்ந்தமருது. ஜனவரி 6. சீட்டுக்குள்ள ஆத்து சேறும் தண்ணியும் இருந்திச்சி. நான் அத மூடி தச்சன். அது என்ட பிழை. இந்த கார் முங்கின காரா இல்லையா? எல்லாருக்கும் தெரியிற மாதிரி இதுக்கு கீழ எழுதுங்க. கோல் எடுக்க வேணாம். எனக்கு எழுத்துல பதில் வேணும்.”